நோகிற இடம் ஒன்று, பிழை இருக்கிற இடம் வேறொன்று: நடையைத் திருத்தி உடம்பை நிமிர்த்துவது எப்படி

நாரி நோவுக்கு எண்ணெய், பிடரி நோவுக்குப் புதுத் தலையணை, முழங்காலுக்கு ஒரு பட்டி. மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது. கந்தோரில் கதிரையை மாற்றிப் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. பிறகு ஒருநாள் மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் நான் நடந்து போவதை மகள் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுத்திருந்தாள், அதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. வலது தோள் இறங்கியிருக்கிறது. தலை நெஞ்சுக்கு நாலு விரல் முன்னால் நிற்கிறது. இடது கை வீசுகிறது, வலது கை அசையவே இல்லை. நான் நிமிர்ந்துதான் நடக்கிறேன் என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன்.

ஒரு நாளைக்கு ஐயாயிரம் அடி நடக்கிறவர் ஒரு பிழையை ஐயாயிரம் தடவை செய்கிறார். கண்ணாடிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நெஞ்சை நிமிர்த்தி நின்றால் அது ஈடாகாது. அதோடு, நோகிற இடத்திலேயே பிழை இருக்கும் என்றும் இல்லை. நாரி நோவுக்கு இடுப்பின் முன்பக்கத் தசை காரணமாக இருக்கலாம், பிடரி நோவுக்குக் காலில் போட்டிருக்கிற செருப்பு காரணமாக இருக்கலாம். அதனால்தான் இதை நோவு வாரியாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்துகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் மரக்கட்டை மாதிரித்தான் நடப்பீர்கள், எது வேலை செய்தது என்றும் தெரியாது.

தொடங்குமுன்: ஈரமணலில் ஒரு சோதனை

கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இது பெரிய வசதி. காலையில் அலை வந்து போகிற விளிம்பில், மணல் இறுகி ஈரமாக இருக்கிற இடத்தில் வெறுங்காலோடு (நீரிழிவு உள்ளவர்கள் தவிர) முப்பது நாற்பது அடி நடவுங்கள், எதையும் யோசிக்காமல், வழக்கமாகக் கடைக்குப் போகிற மாதிரி. பிறகு திரும்பி வந்து, அலை அழிப்பதற்குள் தடங்களைக் குனிந்து பாருங்கள்.

குதி பட்ட இடம் குழியாக, ஆழமாக விழுந்திருக்கிறதா? அப்படியானால் காலை அதிகம் முன்னால் எறிந்து நடக்கிறீர்கள். விரல்கள் மட்டும் மணலைக் கிள்ளினது போல் இருந்தால் செருப்பைப் பிடித்துப் பிடித்து நடந்த பழக்கம் வெறுங்காலிலும் தொடர்கிறது. தடத்துக்கு முன்னாலோ பின்னாலோ கோடு இழுத்திருந்தால் கால் போதிய அளவு எழும்பவில்லை. இரண்டு பாதமும் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்ப்பது இயல்புதான், ஆனால் ஒன்று நேராகவும் மற்றது நன்றாக வெளியே திரும்பியும் இருந்தால் அந்தக் காலின் இடுப்பை, முழங்காலைக் கவனிக்க வேண்டும். பாதத்தின் உட்பக்க வளைவு மணலில் முழுவதும் பதிந்திருந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். நோவு இல்லாவிட்டால் அதற்காகப் பயப்படத் தேவையில்லை.

கடற்கரை தூரம் என்றால் வீட்டுச் சீமெந்துத் தரையில் காலை நனைத்து நடந்து பார்த்தாலும் ஓரளவு தெரியும். அதோடு பக்கத்திலிருந்து ஒரு வீடியோ, பின்னாலிருந்து ஒரு வீடியோ, இரண்டும் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே உடம்பு தானாக நிமிர்ந்துவிடும், ஆகவே சொல்லாமல் எடுக்கச் சொல்வது நல்லது.

நடந்து முடிந்தால் பிடரியும் தோளும் கனக்கிறது

வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ இருக்கும். அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துக்குப் பெரிய வேலை இல்லை, முன்னால் போகப் போகப் பிடரித் தசை அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது: நடக்கும்போது கண் எங்கே இருக்கிறது?

போன் என்றால் விடை சுலபம், பொக்கெட்டில் வைத்துவிடுங்கள். ஆனால் போனே பார்க்காத பலரும் குனிந்துதான் நடக்கிறார்கள், அதற்கு நிலத்தின் மீதான பயம் ஒரு காரணம். உடைந்த வடிகான் மூடி, சைக்கிள், படுத்திருக்கிற நாய், மாரியில் தேங்கிய தண்ணீர் என்று எங்கள் ஒழுங்கைகளில் கண்ணைக் கீழே வைக்காமல் நடப்பதும் கஷ்டம்தான். தளர்ந்த செருப்பு அந்தப் பயத்தை இரண்டு மடங்காக்குகிறது. பார்வையை ஐந்தாறு மீற்றர் முன்னால் வையுங்கள். அந்தத் தூரத்தில் பார்த்த பள்ளத்துக்கு நீங்கள் வந்து சேரும்போது கால் தானாக வழி எடுக்கும். காலடியைப் பார்க்க வேண்டி வந்தால் கண்ணை மட்டும் தாழ்த்துங்கள், கழுத்தை மடக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வாசிக்கவும் தூரம் பார்க்கவும் ஒரே கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கீழ்ப்பகுதி கிட்டப் பார்வைக்கானது. அதன் வழியாக நிலம் மங்கலாகத் தெரியும், அதனால் மேல்பகுதியால் பார்க்கத் தலையை இன்னும் குனிகிறார்கள். நடக்கப் போகும்போது தூரப் பார்வைக் கண்ணாடி மட்டும் தனியாக வைத்திருந்தால் பிடரி நோவு பாதி குறையும் ஆட்கள் இருக்கிறார்கள், படியிலும் பாதுகாப்பு.

காலையில் பழைய கல்லடிப் பாலத்தில் நகரத்திலிருந்து கல்லடிப் பக்கம் நடக்கிறவர்களுக்கு வெயில் முகத்தில் அடிக்கும், தலை தானாகத் தாழும். விளிம்புள்ள தொப்பி ஒன்று போதும். 1924ஆம் ஆண்டின் அந்த இரும்புப் பாலத்தை நான் விரும்புவதற்கு நடையோடு சேர்ந்த காரணம் உண்டு: பாதை நேரானது, சமதரை, பார்வையை வைக்கத் தூரத்தில் எப்போதும் ஏதாவது இருக்கும், வாவியில் ஒரு தோணியாவது நிற்கும்.

நாரி நோ: அரை மணித்தியாலம் நடந்தால் பின்னிடுப்பு இறுகுகிறது

இதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் பிழையான மருந்தைக் கையில் எடுக்கிறார்கள். நாரி நொந்தால் "நெஞ்சை நிமிர்த்து" என்று சொல்வார்கள். நெஞ்சை முன்னால் தள்ளினால் விலா எழும்பி, நாரி இன்னும் உள்ளே வளைந்து, நோவு கூடும். நானும் அதைத்தான் பல மாதம் செய்தேன்.

ஒரு சின்னச் சோதனை. நோவு வந்த இடத்தில் நின்று, முன்னால் குனிந்து கையை முழங்காலில் ஊன்றிப் பாருங்கள். குனிந்தவுடன் சுகமாக இருந்தால் உங்கள் நாரி நடக்கும்போது அதிகம் பின்வளைந்திருக்கலாம். குனிந்தால் கூடுகிறது, காலுக்கு மின்சாரம் மாதிரி இறங்குகிறது என்றால் இது நடையைத் திருத்தித் தீர்க்கிற விஷயமல்ல, வைத்தியரிடம் காட்டுங்கள். வயது போனவர்களுக்குக் கொஞ்சத் தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ விட்டுப்போகிறது என்றால் அதையும் காட்ட வேண்டும், முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியிருக்கலாம்.

முதல் வகையினருக்கு முதல் சந்தேகம் உட்கார்ந்திருக்கும் நேரம். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பின் முன்பக்கமாக இறங்கித் தொடை எலும்பில் பிடிக்கிற தடித்த தசை ஒன்று உண்டு. கதிரையிலோ மோட்டார் சைக்கிளிலோ பஸ்ஸிலோ நீண்ட நேரம் இருந்தால் அது சுருங்கிய நிலையிலேயே பழகிவிடும். பிறகு எழும்பி நடக்கும்போது கால் பின்னால் போக வேண்டிய அளவு போகாது, அந்தக் குறையை நாரி வளைந்து கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை வளைந்தால் நோகாமல் என்ன செய்யும்?

அந்தத் தசையை நீட்ட, தலையணை ஒன்றை நிலத்தில் போட்டு வலது முழங்காலை அதில் ஊன்றுங்கள், இடது பாதம் முன்னால் தரையில். இப்போது முன்னால் சாய வேண்டாம். முதலில் வால் எலும்பைக் கீழே உள்ளே இழுப்பது போல் பின்பக்கத்தை இறுக்குங்கள், அப்போதே வலது தொடையின் முன்மேற்பகுதியில் இழுவை தெரியும், அதன் பிறகு இரண்டு அங்குலம் முன்னால் நகர்ந்தால் போதும். முப்பது விநாடி, மூச்சை அடக்காமல், பக்கத்துக்கு இரண்டு தடவை. நாரியை வளைத்துக்கொண்டு முன்னால் தள்ளினால் அந்தத் தசை நீளாது.

இரண்டாவது சந்தேகம் நீண்ட அடி. வேகமாக நடப்பதென்றால் அடியை நீட்டுவது என்று நினைக்கிறோம். பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவைக் குதி நிலத்தில் படுகிற கணத்தில் நிறுத்திப் பாருங்கள். பாதம் முழங்காலுக்கு வெகு முன்னால் போய் விழுந்திருந்தால் ஒவ்வொரு அடியும் ஒரு பிறேக் மாதிரி, அந்த இடி முழங்காலுக்கும் நாரிக்கும் ஏறும். அடியைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வலது கால் நிலத்தில் படுவதை முப்பது விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். இருபத்தைந்து வந்தால் நிமிடத்துக்கு நூறு அடி, பெரும்பாலான பெரியவர்களுக்கு அது நல்ல சுறுசுறுப்பான நடை. அதற்குக் கீழே என்றால் அவசரப்பட்டுத் தாவாமல், முதல் கிழமை நிமிடத்துக்கு ஐந்து அடியை மட்டும் கூட்டுங்கள்.

மூன்றாவது, பின்னால் தள்ளுகிற வேலை. முன்காலை எறிவதை விட்டுவிட்டு, பின்காலின் பெருவிரலால் நிலத்தைத் தள்ளிவிட்டுப் போகிறோம் என்று நினைத்து நடந்து பாருங்கள். பிட்டத் தசை இறுகுவதைக் கையை வைத்தே உணரலாம். உயரம் ஒரு அங்குலம் கூடினது போல் இருக்கும். நெஞ்சைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, அது தானாக வரும்.

ஒரு தோள் இறங்கியிருக்கிறது, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறேன்

எந்தத் தோளில் பை போடுகிறீர்கள் என்று பாருங்கள். பை தொங்குகிற தோள் இறங்கும் என்று நினைப்போம், பல பேருக்கு வார் வழுக்காமல் இருக்க அந்தத் தோள் உயர்ந்தே பழகிவிடும், மற்றது இறங்கியிருக்கும். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துத் தண்ணீர் எடுத்தவர்கள், பிள்ளையை ஒரே பக்கம் தூக்கி வளர்த்த தாய்மார், இவர்களுக்கு இடுப்பே ஒரு பக்கம் தள்ளி நிற்கப் பழகியிருக்கும். சந்தையிலிருந்து வரும்போது ஒரு பெரிய பைக்குப் பதில் இரண்டு சின்னப் பைகள். பிள்ளைகளுக்குப் புத்தகப்பையின் இரண்டு வாரும் தோளில் இருக்க வேண்டும், பை இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது.

பை எதுவும் இல்லாமலும் சாய்ந்தால் கண்ணாடிக்கு முன்னால் ஒற்றைக் காலில் நில்லுங்கள், விழுந்தால் பிடிக்கச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும். இடது காலில் நிற்கும்போது வலப்பக்க இடுப்பு கீழே இறங்கினால் பலவீனம் இடது இடுப்பின் பக்கத் தசையில். அதற்கு ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை முழங்கால் மடக்காமல், குதியைக் கொஞ்சம் பின்னால் வைத்து ஒரு முழம் உயர்த்தி இறக்குங்கள், பத்து தடவை, இரண்டு சுற்று. சலிப்பான பயிற்சிதான். ஒரு மாதத்தில் வித்தியாசம் காட்டும்.

அப்புறம் வீதி. தார் வீதி நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். வாகனத்தைப் பார்த்துக்கொண்டு வலது ஓரமாக நடப்பது பாதுகாப்பு, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் வலது ஓரத்திலேயே நடப்பதால் இரண்டு தடவையும் வலது கால்தான் பள்ளத்தில். கடற்கரையில் அப்படியில்லை, போகும்போது ஒரு கால் தாழ்ந்தால் வரும்போது மற்றது தாழும், கணக்குச் சரி. தினமும் வீதியில் நடந்து ஒரு பக்க இடுப்பு நொந்தால் இரண்டு கிழமை மைதானத்துக்கோ பாலத்துக்கோ இடத்தை மாற்றிப் பாருங்கள், வேறு எதையும் தொடாமல்.

காலையில் எழும்பி வைக்கிற முதல் அடியில் குதி குத்துகிறது

பாதத்தின் அடியில் குதியிலிருந்து விரல்வரை ஓடுகிற நார்ப்பட்டை நொந்திருக்கிறது என்பதன் அடையாளம் இது, நாலைந்து அடியில் குறையும், நீண்ட நேரம் இருந்து எழும்பினால் திரும்ப வரும். மெல்லிய ரப்பர்ச் செருப்போடு நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில் நிற்பவர்களுக்கு அதிகம் வரும். அந்தச் செருப்பு கழராமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் மடங்கிப் பிடிக்கின்றன, அடி குறுகுகிறது, உடம்பு முன்னால் குனிகிறது. பிடரிப் பகுதியில் செருப்பைச் சொன்னது இதற்காகத்தான்.

பின்னால் வார் உள்ள, குதி தடித்த செருப்புக்கு மாறுங்கள், வீட்டுக்குள்ளும்தான். கட்டிலை விட்டு இறங்குமுன் விரல்களைக் கையால் உங்கள் பக்கம் மடக்கிப் பத்து விநாடி பிடியுங்கள், பத்துத் தடவை. சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுங்கள். மாலையில் தண்ணீர்ப் போத்தலை ஐஸாக்கி, துணியைச் சுற்றிக் காலடியில் உருட்டுங்கள். குதி ஆறும்வரை உலர்ந்த, காலை உள்ளே இழுக்கிற மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஒருவர் மணலில் நடந்தால் எல்லாம் சரியாகும் என்று சொன்னதைக் கேட்டு நான் மூன்று கிழமை கூடுதலாக நொண்டினேன். ஆறும், ஆனால் மாதக்கணக்கில் எடுக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு கடற்கரையில் நடக்கவே வேண்டாம். உணர்வு குறைந்த காலுக்கு மத்தியான மணலின் சூடும் தெரியாது, சிப்பி கீறியதும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தின் அடியையும் கண்ணாடி வைத்தாவது பாருங்கள்.

கை வீசவில்லை

ஒரு கையில் போன், குடை, அல்லது சாரத்தின் தலைப்பு. சாரம் உடுத்து நடக்கிறவர்கள் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்தே பழகியிருப்பார்கள், அடியும் குறுகும், அந்தப் பக்கத் தோளும் இறுகும். காலை நடைக்குக் காற்சட்டை போடுங்கள். சேலையில் நடப்பவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தளரக் கட்டினால் கால் பின்னால் போக இடம் கிடைக்கும். கையை வேண்டுமென்று வீச வேண்டாம், பிடித்திருப்பதை விட்டால் வலது காலோடு இடது கை தானாக வரும்.

எதையும் பிடிக்காமலே ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறது, அடி சிறுத்துக் கால் நிலத்தில் உரசுகிறது, எழுத்தும் சிறுத்துப் போகிறது என்று கவனித்தால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் போங்கள். பார்க்கின்சன் நோய் சிலருக்கு இப்படித்தான் தொடங்கும்.

செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

குதியின் வெளி விளிம்பு கொஞ்சம் தேய்வது எல்லோருக்கும் உள்ளதுதான். இடது செருப்பும் வலது செருப்பும் வேறு வேறு மாதிரித் தேய்ந்தால் மேலே சொன்ன ஒற்றைக் கால் சோதனையைச் செய்யுங்கள். தேய்ந்த செருப்பைத் தொடர்ந்து போட்டால் பிழை இன்னும் ஆழமாகப் பதியும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

திடீரென்று ஒரு கால் இழுபடுகிறது, முகம் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் இலங்கையில் உடனே 1990க்கு அழையுங்கள், அம்பியுலன்ஸ் வரும். நாரி நோவோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது, இவையும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை. விழுந்த பிறகு தொடங்கின நோவு, இரவில் படுத்தாலும் விடாத நோவு, காய்ச்சலோடு வருகிற முதுகு நோவு, வயதான பெண்களுக்கு உயரம் குறைந்து மேல்முதுகு வளைந்துகொண்டு வருவது, இவற்றுக்கு நடையில் மருந்து தேடாதீர்கள்.

வயதானவர் குனிந்தே நடக்கிறார்

என் அம்மாவுக்கு இடது முழங்கால் நோ. "நிமிர்ந்து நடங்க" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவர் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். பிழை தடியில் இருந்தது. முதலில் குடையை ஊன்றினார், அது கட்டை. பிறகு வாங்கிக் கொடுத்த தடி நெடியது, அதில் தோள் காதுவரை ஏறியது. அதோடு நோகிற இடது காலுக்குத் துணையாக இடது கையிலேயே பிடித்திருந்தார்.

தடியின் அளவு இப்படி: வழக்கமாகப் போடும் செருப்போடு நிற்க வைத்து, கையைத் தளரத் தொங்க விடுங்கள். மணிக்கட்டில் மடிப்பு இருக்கிற உயரத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும். ஒன்றரை அங்குலம் அறுத்தோம். பிறகு நோகிற காலுக்கு எதிர்க் கையில், அதாவது வலது கையில் கொடுத்து, இடது கால் முன்னால் போகும்போது தடியும் கூடவே போக வேண்டும் என்று சொன்னேன். முதல் இரண்டு நாள் குழம்பினார், முற்றத்தில் நான் பக்கத்தில் நடந்து "தடியும் காலும், மறுகா மற்றக் கால்" என்று சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாம் கிழமை மாமாங்கக் கோயில் வீதியில் நடந்துவிட்டு வந்து சொன்னார்: "மனே, இப்ப நடக்கக்குள்ள எதிர வாறாக்கள்ட முகம் தெரியுது."

தடியின் நுனியில் இருக்கிற ரப்பரை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரி அழிந்து வழுவழுப்பாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், முக்கியமாக மாரி தொடங்குமுன்.